எதிர்ப்பு இருந்தால் மூன்று நாளுக்குள்

அண்ணாச்சி, அந்த பிளக் பாயிண்டில் நீங்கள் எதுவும் சொருகவில்லையே? இல்லை, உங்கள் பை அதை மறைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் கேட்டேன். எழுந்திருக்க வேண்டாம், கொஞ்சம் தள்ளினால் போதும். நன்றி. இந்த ஆஸ்பத்திரியில் இத்தனை நாற்காலி போட்டிருக்கிறார்கள், பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதுவும் பிள்ளையார் படத்துக்கு சீரியல் பல்பு எரிவதற்கு. பிள்ளையாரை நான் அணைக்கவில்லை, பக்கத்து ஓட்டையில்தான் சொருகுகிறேன்.

என் அக்கா செண்பகாவுக்குத்தான் பிரசவம். உள்ளே கொண்டுபோய் ரொம்ப நேரமாகிவிட்டது. அம்மா அந்தக் கதவை விட்டு அசைய மாட்டேன் என்கிறாள். அப்பா டீ குடிக்கப் போயிருக்கிறார். அவருக்குப் பதற்றம் வந்தால் டீதான். அத்தான் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், சாத்தூர் தாண்டிவிட்டாராம்.

நான் மடிக்கணினியும் கையுமாக வந்ததைப் பார்த்து அந்த நர்ஸ் முகத்தைச் சுளித்தார்கள். என்ன செய்வது? இன்னும் சற்று நேரத்தில் எனக்கு ஒரு கெடு முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அனுப்பினால் என் வேலை போய்விடும். அனுப்பாவிட்டால் என் கொள்கை போய்விடும். நீங்கள் நியாயமான ஆள் மாதிரித் தெரிகிறீர்கள், குறுக்கேயும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் கிடையாது. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் பூரணி. யுனிவர்சிட்டியில் எம்.எஸ்சி. கடைசி வருஷம். வகுப்பெல்லாம் முடிந்து புராஜெக்ட் மட்டும்தான் பாக்கி, அதனால் வீட்டில்தான் இருக்கிறேன், வீட்டிலிருந்தே வேலையும் பார்க்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், கம்பெனி இல்லை. திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், உள்ளே எழுதியிருப்பதை யாரும் ஒளிக்கக் கூடாது. அதிலும் நான் பார்ப்பது கண்ணுக்குத் தெரிகிற சாமான் இல்லை. குழாய் தெரியும், தண்ணீர் தெரியும், குழாய்க்குள் இருக்கிற ரப்பர் வாஷர் தெரியுமா? அதுதான் எங்கள் நிரல். ஒரு கணினி இன்னொன்றிடமிருந்து ஒரு மென்பொருளை வாங்கும்போது, வந்தது முழுசாக வந்ததா, வழியில் யாரும் கை வைத்தார்களா என்று பார்க்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அதோ ரிசப்ஷனில் அந்தப் பெண் தட்டிக்கொண்டிருக்கிறாளே, அந்தக் கணினிக்குள்ளும் அது இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதைப் பார்த்துக்கொள்பவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். போலந்தில் வோய்டெக் என்று ஒருவர், பிரேசிலில் ரெனாட்டா என்று ஓர் அம்மாள், கோவில்பட்டியில் நான். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று எங்களுக்குச் சம்பளம் மாதிரி ஒன்று தருகிறது. அந்த ‘மாதிரி’ அப்பா சேர்த்தது.

ஒருவருக்குப் பகல் என்றால் இன்னொருவருக்கு ராத்திரி. எல்லாரும் சரி சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஒரு காரியமும் ஓடாது. அதனால் இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஒன்றைச் செய்யப் போகிறேன் என்றால் அதை எங்கள் பொது மின்னஞ்சல் குழுவில் எழுதிப் போட வேண்டும். எதிர்ப்பு இருந்தால் மூன்று நாளுக்குள் காரணத்தோடு சொல்ல வேண்டும். ஒருவரும் வாயைத் திறக்காவிட்டால் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஒரே ஒருவர் எதிர்த்தாலும் காரியம் நின்றுவிடும், உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். எங்கள் குழுவில் இதை விதியாக எழுத்தில் கொண்டுவந்தது நான்தான். அதற்காக வோய்டெக்கோடு இரண்டு வாரம் வாதாடினேன். கடைசியில் அவர் பேசாமல் இருந்துவிட்டார். நிறைவேறிவிட்டது.

வீட்டுக்கும் இந்த முறை வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் எண்ணம். எங்கள் வீட்டில் எப்படி முடிவெடுப்பார்கள் தெரியுமா? அம்மா அடுப்படியில் ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவ்வளவுதான், முடிவு. இதற்கு யார் ஓட்டுப் போட்டார்கள், யாரிடம் மேல்முறையீடு செய்வது?

அதனால் முதலில் வீட்டுக் குழுவைச் சரிசெய்தேன். ஊரெல்லாம் வைத்திருக்கிற அந்தச் செயலியில்தான் எங்கள் குடும்பக் குழுவும் இருந்தது. நாம் வீட்டில் பேசுகிறதெல்லாம் எவனோ ஒருவனுடைய சர்வரில் போய்க் கிடக்கலாமா என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. சரி என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, திறந்த மூலச் செயலி ஒன்றில் புதுக் குழு தொடங்கி, ஒவ்வொருவர் போனையும் வாங்கி நானே இறக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அதில் எதையாவது போடுகிறவர் அப்பா ஒருவர்தான். ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ போடுவார்.

இப்போது அறை விவகாரத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இணைய இணைப்பு இருக்கிறது. கழிவறை ஒட்டியிருப்பதும் அதே பின்னறைக்குத்தான். இது யார் தப்பு? கொத்தனார் தப்பு. அக்காவுக்கு வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்றதும், அறையைப் பற்றி வீட்டில் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவர்களை மாதிரி இல்லை. நான் முறைப்படி குழுவில் எழுதினேன்: பின்னறை என் அலுவலகமாகவே தொடரும், அக்காவுக்கு ஹாலில் கட்டில் போடப்படும், எதிர்ப்பு இருந்தால் மூன்று நாளுக்குள் காரணத்தோடு தெரிவிக்கவும். மூன்று நாளும் வந்தது மூன்று ரோஜாப்பூ. ரோஜாப்பூவை எதிர்ப்பாகக் கொள்ள முடியுமா என்று நடுநிலையோடு யோசித்துப் பார்த்தேன். முடியாது. நிறைவேறியது என்று குழுவிலேயே அறிவித்துவிட்டேன்.

மறுநாள் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், என் மேஜை சுவரோரம் தள்ளியிருக்கிறது, பெரியம்மா வீட்டு இரும்புத் தொட்டில் அறை நடுவில் நிற்கிறது. எங்கள் தொழிலில், அனுமதி இல்லாமல் நுழைந்த மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெற்றேன். தொட்டிலை ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் அம்மா அதை உள்ளே கொண்டுவந்துவிட்டாள். மறுபடி வெளியே. மறுபடி உள்ளே, இப்படியே நாள்கணக்கில். சக்கரம் வேறு கிரீச் கிரீச் என்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் நிலைப்படியில் சந்தித்துக்கொண்டோம். ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில்.

“எதிர்ப்பு இருந்தா மூணு நாளைக்குள்ள சொல்லியிருக்கணும்மா. இப்பச் சொன்னாச் செல்லாது.”

“எங்கட்டி சொல்லணும்?”

“குழுவில.”

“நான் வீட்டுக்குள்ளதான இருக்கேன். அடுப்படிக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிச்சிருமோ ஒனக்கு?”

“வாயால கேட்டா ஆதாரம் இருக்காதும்மா.”

அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை. தொட்டிலை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள். பதில் இல்லாவிட்டால் அப்படித்தான். இன்று வரைக்கும் தொட்டில் அந்த நிலைப்படியில்தான் நிற்கிறது, பாதி உள்ளே, பாதி வெளியே. எல்லாரும் ஒருக்களித்துத்தான் போய் வருகிறோம்.

அக்கா எப்படிப் போனாள் என்றா பார்க்கிறீர்கள்? அவளும் அப்படித்தான். நிறைமாதம், கொஞ்சம் சிரமம்தான். ஆனால் அக்கா என்றைக்குமே வாதாட மாட்டாள். ஹாலில் டிவிக்குக் கீழே படுத்துக்கொண்டாள். பாத்ரூம் போக வேண்டும் என்றால் மட்டும் வளையல் சத்தத்தோடு என் அறை வழியாகப் போவாள். அந்த மாதிரி சமயத்தில் அடிக்கடி போக வேண்டியிருக்குமாம், நான் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் அதிகம். “ஒன் வேலையப் பாரு, நான் சத்தம் போடாமப் போயிருதேன்” என்பாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு சத்தம் போடாமல் எப்படிப் போக முடியும்? ஒருநாள் பார்க்கிறேன், வளையல்களுக்கு மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு போகிறாள். அவளுக்கே தெரிந்திருக்கிறது, பார்த்தீர்களா, அது அலுவலகம் என்று.

இந்தத் தொட்டில் தகராறில் என் வேலை பின்தங்கிவிட்டது, அதை நான் மறைக்கவில்லை. நான் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய திருத்தங்கள் குவிந்துவிட்டன. மென்பொருள் குழுவில் கேட்டார்கள். வீட்டில் பிரசவம் நெருங்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் தாமதம், அமைதியான இடமே கிடைக்கவில்லை என்று எழுதினேன். உண்மைதானே? அதில் ஒரு சொல் பொய் இருக்கிறதா?

ரெனாட்டா நல்ல அம்மாள். நல்லவர்களால்தான் தொல்லை. மீட்டிங்கில் எனக்குப் பின்னால் வயிறும் சேலையுமாக ஏதோ போகிறது, வருகிறது. எங்கள் இணைப்பில் முகம் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. வீட்டில் பிரசவம் என்று நான் வேறு எழுதியிருக்கிறேன். அந்த அம்மாள் இரண்டையும் கூட்டி, பிள்ளை பெறப்போவது நான்தான் என்று முடிவுகட்டிவிட்டார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, அண்ணாச்சி. உடனே குழுவில் எழுதுகிறார்: நம் பூரணி தாயாகப் போகிறாள், இந்த நேரத்தில் அவளைத் தொந்தரவு செய்வது மனிதத்தன்மை இல்லை, அவளைக் கௌரவ ஓய்வுநிலைப் பராமரிப்பாளராக அறிவித்து, அவளுடைய அனுமதிச் சாவிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம், எதிர்ப்பு இருந்தால் மூன்று நாளுக்குள்.

அந்த மூன்று நாளும் நான் எங்கே இருந்தேன்? நிலைப்படியில், தொட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு.

நாலாம் நாள் உள்ளே நுழையப் பார்க்கிறேன், நுழைய முடியவில்லை. தளத்தில் என் பெயர் கீழே போய்விட்டது, ‘நன்றியோடு நினைவுகூர்கிறோம்’ என்ற தலைப்புக்கு அடியில். அந்தத் தலைப்பில் எனக்கு முன்னால் இருப்பவர்களில் ஒருவர் நிஜமாகவே செத்துப்போனவர்.

அழுதுகொண்டு ஹாலுக்கு வந்து சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

“எத்தன வருஷம்மா சர்வீஸ்?”

“ரெண்டுப்பா.”

“பென்ஷன்?”

“கெடையாது.”

எழுந்து உள்ளே போனார். பீரோவைத் திறந்து, அவருடைய ரிட்டயர்மெண்டுக்குப் போட்ட பொன்னாடையை எடுத்துவந்து என் தோளில் போட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆறுதலுக்குத்தான் செய்தார். முதல் மாசம்தான் ஒருமாதிரி இருக்கும், காலையில் நடக்க ஆரம்பித்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். மறுநாள் விடிந்ததும் அவருடைய ரிட்டயர்டு ஆட்களோடு என்னையும் நடக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இருபத்து மூன்று வயதில் ரிட்டயர் ஆகிவிட்டாள் என்று அவர்களிடம் அறிமுகம் வேறு. ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கைகால் நல்லா இருக்கும்போதே வந்தது நல்லதுதான் தாயி என்றார். இன்னொருவர் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்.

நான் சும்மா இருப்பேனா? குழுவுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அடுத்தவர் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஒரு மனுஷி வீட்டில் என்ன பாடு படுகிறாள், பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று ஒரு வார்த்தை நேரில் கேட்டிருக்க வேண்டாமா? எங்கேயோ ஒரு மூலையில் எழுதிப் போட்டுவிட்டு, அவள் வாழ்க்கையை மாற்றிவிடலாமா? இப்படி எழுதினேன். எழுதி முடித்துவிட்டுப் படித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அம்மாவிடம் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்க” என்று சொல்லி அடுப்படிக்குப் போய் ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒருவேளை என் சார்பாகக் கோபமாக இருக்கும்.

வோய்டெக் பதில் போட்டார். இந்த விதியை எழுதியவளே நீதான் என்றார். இருக்கட்டும், விதியில் குற்றமில்லை, அதை என்மேல் பிரயோகித்ததில்தான் குற்றம். அப்புறம் இப்படி எழுதியிருந்தார்: உன்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னால் எங்களுக்கு இரண்டு வாரம் போய்விடுகிறது, பூரணி. அதனால்தான் நாங்கள் பேசாமல் இருந்துவிடுகிறோம். அதையெல்லாம் ஒப்புதல் என்றா எண்ணிக்கொண்டிருந்தாய்? பாருங்கள், அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார், என் வாதத்துக்குப் பதில் இல்லை என்று.

ஆனாலும் மனுஷர் நல்லவர்தான். அன்றைக்கே புதிதாக ஒன்று எழுதிப் போட்டார்: பூரணியை ஓய்விலிருந்து திரும்ப அழைத்துப் பழைய பொறுப்பையே கொடுப்போம், எதிர்ப்பு இருந்தால் மூன்று நாளுக்குள். ரெனாட்டாவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். யார் பிள்ளையாக இருந்தால் என்ன, போட்டோ அனுப்பு, காலுறை பின்ன ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார்.

அந்தக் கெடுதான் இப்போது முடியப்போகிறது. திரையின் ஓரத்தில் ஓடுகிறது பாருங்கள். இதுவரை ஒருவரும் எதிர்க்கவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் யார் யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அறக்கட்டளை அடுத்த வருஷத்துக்குச் சம்பளம் ஒதுக்கும். நான் பேசாமல் இருந்தால் போதும், வேலை கிடைத்துவிடும்.

ஆனால் எப்படிப் பேசாமல் இருப்பது? அவர்கள் மௌனத்தால் வெளியே போட்டதே தப்பு என்று வாதாடியவள் நான். அதே மௌனத்தால் உள்ளே வந்தால் என் வாதம் என்ன ஆவது? இரண்டு பேரும் வாயைத் திறந்து, பூரணி வேண்டும் என்று ஓட்டுப் போடட்டும், வருகிறேன். அதனால் எதிர்ப்பைத் தட்டி வைத்திருக்கிறேன். ‘என்னை மீண்டும் சேர்ப்பதை நான் எதிர்க்கிறேன்.’ காரணம் நாலு பத்தி. அனுப்பினால் எல்லாம் நின்றுபோய்விடும், மறுபடி பேச்சுவார்த்தை, அதற்குள் மாதம் முடிந்துவிடும், அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். போகட்டும். என்ன, அண்ணாச்சி? சிரிக்கிறீர்களா? ஓ, இருமலா? தண்ணீர் குடியுங்கள்.

இன்று காலையில் ஒன்று நடந்தது, அதையும் கேட்டுவிடுங்கள். அக்காவுக்கு வலி கண்டு காரில் வருகிறோம். அம்மா முன்னால், நானும் அக்காவும் பின்னால். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், இங்கே பாருங்கள், இன்னும் சிவப்பு போகவில்லை. ஒரு வலி வந்து அடங்கிய நேரத்தில் திடீரென்று சொல்கிறாள்.

“பூரணி, நீ அந்தக் குழுவுல எழுதுனயில்ல, ரூம் பத்தி. நான் அன்னைக்கே பாத்துட்டேன்.”

“பாத்தியா?”

“மூணு நாளும் தெறந்து தெறந்து பாத்தேன். ஏதாவது எழுதுவமான்னு இருந்துச்சு. ஒனக்கு அந்த ரூம் எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாதா? அதான் பேசாம இருந்துட்டேன்.”

நான் உடனே அம்மாவிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டாயா, சம்பந்தப்பட்டவளே பார்த்திருக்கிறாள், எதிர்க்கவில்லை, என் முடிவு செல்லும் என்று. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர்தான் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஆனால் அண்ணாச்சி, ஜெயித்த பிறகு எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை, தர்க்கப்படி அப்படி ஆகக் கூடாது. அப்புறம் யோசித்தேன். அறை முறைப்படி எனக்கு வந்தாயிற்று. முறைப்படி வந்ததை முறைப்படி விட்டுக்கொடுக்கலாம் இல்லையா? அதனால் காரிலேயே ஒரு கையால் தட்டிக் குழுவில் போட்டேன்: பின்னறை அக்காவுக்கும் குழந்தைக்கும், என் மேஜை ஹாலுக்கு, எதிர்ப்பு இருந்தால் மூன்று நாளுக்குள். சுகப்பிரசவம் என்றால் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், கணக்குச் சரியாக வரும். அக்காவின் போன் அவள் மடியிலேயே டிங் என்றது. அந்த வலியிலும் எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. என் கையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, நேரம் ஆகிவிட்டது. அனுப்பிவிடுகிறேன். நாலாவது பத்தியில் ஒரு இடத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கிவிட்டு…

என்ன சிஸ்டர், பூரணியா? நான்தான். அக்காவுக்கு என்ன? என்னையா? அம்மா அங்கேதானே நிற்கிறாள்? அம்மா வேண்டாமா, நான்தான் வேண்டுமா? ஒரு நிமிஷம் சிஸ்டர், ஒரே ஒரு பொத்தான்தான், அழுத்திவிட்டு… அழுகிறாளா? அவள் அழ மாட்டாளே. எதற்குமே அழ மாட்டாளே அவள். இதோ, வருகிறேன், வருகிறேன்.

அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, மூட வேண்டாம். எதையும் தொட்டுவிடாதீர்கள். கெடு முடிந்தால் ஒரு மணிச் சத்தம் வரும், பயந்துவிடாதீர்கள். யாராவது கேட்டால் எனக்கு எதிர்ப்பு உண்டு என்று சொல்லுங்கள். அனுப்பத்தான் நேரமில்லை என்று சொல்லுங்கள்.